நண்டு போட்ட பெட்டி வில்லை

பெட்டிக்கு அடையாள வில்லை செய்து கொடுக்கிற தொழிலில் தொல்லை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: பெட்டிக்குச் சொந்தக்காரன். தகரம் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. பெயிண்டு எனக்கு யோசனை சொன்னதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இரண்டையும் செய்தார்கள். நீங்களும் எங்காவது ஒரு கடையைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக் கழுத்து வலி கண்டவராக இருந்தால், இது உங்களுக்குத்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

வில்லியனூர் ரயிலடி வாசலில் பூவரச மரத்தடியில் என் இடம். அப்போது எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. ரயில் ஏறி மேற்கே கொஞ்ச தூரம் போனால் இங்கிலீஷ்காரன் எல்லை வந்துவிடும். அங்கே சுங்கக்காரர்கள் எல்லாப் பெட்டியையும் இறக்கச் சொல்லி, ஒரே குவியலாகப் போட்டுத் திறந்து பார்ப்பார்கள். எங்கள் பக்கத்துப் பட்டும் சாராயமும் அவர்கள் பக்கம் போய்விடக் கூடாதாம். பார்த்து முடித்ததும் அவரவர் பெட்டியைப் பொறுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ரயில் ஊதிக்கொண்டே இருக்கும்.

இதில் சிக்கல் என்னவென்றால், சுற்றுப்பட்டுச் சனங்கள் எல்லாரும் ஒரே கடையில் பெட்டி வாங்கினார்கள். ரயிலடிக்கு எதிரே ரோட்டோரம் தணிகாசலத்தின் டிரங்குப் பெட்டிக் கடை. அவனிடம் இருந்தது ஒரே அளவு, ஒரே பச்சை. வேறு நிறம் அடிக்கக் கூடாதா என்று கேட்டால், இருக்கிற பச்சை தீரட்டும் என்பான். அது தீரவே இல்லை. என் தகரக் கத்திரியை இரவல் வாங்கிப் போய் மழுங்க அடித்துத் திருப்பித் தந்தவன் அவன். மறந்துவிடு என்று என் மனைவி சொல்வாள். அவளுடைய கத்திரியா அது?

நான் முன்பு பாகூரில் கூரைக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தவன். ஒரு நாள் மேலேயிருந்து விழுந்து முட்டி போனது. பிறகு உட்கார்ந்து செய்கிற வேலை என்று எனக்குக் கிடைத்தது இதுதான். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, உள்ளங்கை அகலத்துக்கு வில்லை ஆக்கி, ஓரத்தை அரத்தால் ராவி, மேலே ஒரு படம் எழுதி, ஓட்டை போட்டுக் கம்பி கோத்துத் தருவேன். படம் மட்டும்தான், எழுத்து கிடையாது. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. எனக்கும் நாலு எழுத்துக்கு மேல் வராது. ஒருவனுக்கு யானை, ஒருவனுக்கு ஏர், ஒருத்திக்கு வாழைத்தார். படம் வேறு வேறாக இருந்தால் பெட்டி மாறாது. இது குழந்தைக்கும் புரியும். பெட்டி வைத்திருந்தவர்களுக்குத்தான் புரியவில்லை.

உள்ளே பத்திரமாக

திருவாண்டார்கோயில் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள், மகள் பிரசவத்துக்காகச் சேலம் போகிறேன் என்று வாழைத்தார் வில்லை வாங்கிப் போனார். திரும்பி வந்ததும் வராததுமாக நேரே ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் நின்றார். வில்லை பிரயோசனமே இல்லை, எல்லையில் எவனோ என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், அவன் பின்னாலேயே ஓடிப் பிடுங்கி வந்தேன் என்று ஒரே கூச்சல்.

ஸ்டேஷன் மாஸ்டர் கும்பகோணத்து மனிதர். என்னை மரத்தடியில் உட்கார விட்டது அவர் வாய்வார்த்தைதான். என்னைக் கூப்பிட்டு, "ரயில்வே இடத்துல உட்கார்ந்துண்டு எனக்கே புகார் வாங்கித் தர்றியா? இன்னொண்ணு வந்தா எடத்தைக் காலி பண்ணு" என்றார். அந்த வாசலை விட்டால் பெட்டியோடு வருகிற ஆளை நான் எங்கே போய்த் தேடுவேன்? ஊர் ஊராக அலைய முட்டி இடம் கொடுக்காது.

"வில்லை எங்கேம்மா? பெட்டியில் காணோமே" என்று கேட்டேன். அந்த அம்மாள் பூட்டைத் திறந்தார். நாலு புடவையைத் தூக்கினார். அடியில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த வாழைத்தாரை எடுத்துக் காட்டினார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு என்னை முறைத்துவிட்டுச் சொன்னார்: "வெளிய கட்டினா எவனாச்சும் அவுத்துக்கினு போயிடுவான்யா. காசு குடுத்து வாங்கினது, உள்ள வச்சாத்தானே பத்திரம்?"

சாமி இருக்கிற பெட்டி

சாமி படம் போட மாட்டேன் என்பது என் வழக்கம். பெட்டி கால் படுகிற சாமான். மூலக்குளத்துக் கரும்புக்காரர் ஒருவர் கேட்கவில்லை. வேலோடு முருகன் இருந்தால்தான் பெட்டி வாங்குவேன், இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். போட்டுக் கொடுத்தேன்.

ரயிலடிக்கு வரும்போதே பெட்டி தலைமேல் இருந்தது. இறக்கி வைக்க மாட்டேன் என்றார். தரையில் எச்சில் இருக்கிறதாம். ரயிலில் பலகைக்கு அடியில் தள்ள மாட்டேன் என்றார். மேலே மனிதர்கள் உட்காருவார்களாம். எல்லை வரைக்கும் தலையில் பெட்டியோடு நின்றே போயிருக்கிறார். அங்கே சுங்கக்காரன் திறக்க வந்தபோது, பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தொடு என்று சொல்லியிருக்கிறார். அவன் இவரை மட்டும் நிறுத்தி வைத்து, பெட்டியிலிருந்த வேட்டியை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்திருக்கிறான். ரயில் போய்விட்டது.

மறுநாள் வந்து என் எதிரே அந்த வில்லையைத் தூக்கிப் பிடித்தார். புகார் சொல்ல மாஸ்டரிடம் போகாமல் என்னிடமே வந்தாரே என்று அவர் உட்காரச் சாக்கை விரித்தேன். அவர் சொன்னார்: "சாமியப் போடத் தெரிஞ்சுது இல்ல? பக்கத்துலயே ஒரு ஜோடி செருப்பப் போட்டு, கழட்டிட்டு வாடான்னு காட்டியிருக்கணுமா வேணாமா?"

அந்தோணியின் சவுகரியம்

வெளியார்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். கூட இருந்தவன் கதை ஒன்று. அந்தோணி ரயிலடியில் கூலி. மாதா கோயில் தெருக்காரன், நல்ல ஆகிருதி, மனசு தங்கம். ஆனால் கை மட்டும் யமன் கை. பெட்டிக்கு இரண்டு பக்கமும் பிடி இருக்க, அவன் வில்லைக் கம்பியில் விரலை விட்டுத்தான் தூக்குவான். ஒரு வாரத்தில் அறுந்த வில்லைகளைக் கோத்தால் மாலை கட்டலாம். எல்லாரும் என்னிடம் வந்து, கம்பி மட்டம் என்று கத்தினார்கள். அந்தோணியை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வேறு வழியில்லாமல் கனத்த கம்பி வாங்கினேன். முறுக்கி முறுக்கி என் கைதான் பழுத்தது. அதற்குப் பிறகு ஒன்றும் அறுந்துபோகவில்லை. அவனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு பெட்டியை இரண்டு வில்லையில் தொங்கவிட்டு என்னைக் கடந்து போகும்போது நின்று சிரித்தான்: "இப்பதாண்ணே கைக்கு வாட்டமா இருக்குது. வளையத்த இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு, ரெண்டு வெரலு நுழையும்."

சொல்தா ஐயாவின் மரியாதை

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா ஐயா, மகளைப் பார்க்கத் திருச்சிக்குப் போக வேண்டும் என்று வந்தார். யானையா ஏரா என்று கேட்டேன். என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். அவருடைய மெடல் வேண்டும். மெடலுக்குப் பக்கத்தில் கொடி. கொடிக்குக் கீழே அவர் போன கப்பல். கப்பலுக்கு மேலே அவர் தொப்பி.

வில்லை தட்டு அளவுக்கு வந்துவிட்டது. கம்பி போதாமல் சங்கிலி போட்டேன். அவர் கொண்டு வந்ததோ இரண்டு வேட்டி கொள்கிற ஒரு சின்னத் தோல் பை. அதில் மாட்டியதும் பை ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. நிமிர்த்தினால் மறுபடியும் விழுந்தது. ஐயா, பையைக் காட்டிலும் வில்லை கனமாக இருக்கிறது, இதைத் தூக்கிக்கொண்டு அலைவீர்களா என்று கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "பை காணாம போனா போவட்டும்பா. அத எடுத்தவன் யாரோடத எடுத்தோம்னு தெரிஞ்சுக்கணும்."

சிவப்புப் பெயிண்டு

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். உறுவையாற்றிலிருந்து முருகேசன் என்று ஒரு பையன் வந்தான். கொழும்பு போய் அங்கிருந்து, பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த இன்னொரு ஊரான சைகோனுக்குக் கப்பல் ஏறுகிறான். யானை கேட்டான். அன்றைக்குக் கறுப்புப் பெயிண்டு தீர்ந்துபோய்ச் சிவப்பு மட்டும் இருந்தது. சிவப்பில் யானை போட்டால் யார் மதிப்பார்கள்? ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. கையில் வந்தபடி ஒரு நண்டு போட்டுக் கொடுத்தேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அழாத குறையாகக் கட்டிக்கொண்டு போனான்.

போன இடத்தில் அவனுக்குக் கிடங்குக் காவல் வேலை கிடைத்தது. பிறகு கங்காணிக்கு அடுத்த வேலை. பிறகு தம்பியையும் கூப்பிட்டுக்கொண்டான். உறுவையாற்றில் கீற்று வீடு ஓட்டு வீடாகிவிட்டது. அவன் அப்பா பெருமாள் ஊரில் யாரிடமும் பையன் கெட்டிக்காரன் என்று சொல்லவில்லை. நண்டு ராசி என்று சொன்னார். யாரோ அது எப்படி என்று கேட்டதற்கு, என் எதிரிலேயே அவர் சொன்ன நியாயம் இது: "நண்டு தண்ணியிலயும் பொழைக்கும், கரையிலயும் பொழைக்கும். கப்பல்ல போறவனுக்கு யானை இன்னாத்துக்குடா? முழுவிப் போறதுக்கா?"

எனக்கும் அதே

அதன் பிறகு வந்தவனெல்லாம் நண்டு கேட்டான். சைகோன் போகிறவன் நண்டு கேட்டான். விழுப்புரத்துக்கு மாடு வாங்கப் போகிறவனும் நண்டு கேட்டான். பெண் பார்க்கப் போகிறவர்கள் வெற்றிலைப் பெட்டிக்கு நண்டு கேட்டார்கள். அடையாளம் என்றால் ஒன்றைப்போல் ஒன்று இருக்கக் கூடாது, எல்லாரும் நண்டு கட்டினால் ஒருவரும் கட்டாததற்குச் சமம் என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். முருகேசனுக்குக் கொடுத்ததை எங்களுக்கு மட்டும் தர மறுக்கிறான் என்று ஊரில் பேச்சு வேறு.

சரி, நண்டையே வேறு வேறாகப் போடுவோம் என்று பார்த்தேன். ஒன்றுக்கு நீலம் அடித்தேன். அது செத்த நண்டு என்று வாங்கியவன் திருப்பிக் கொடுத்தான். ஒன்றைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டேன். அது ஊருக்கே திரும்பி வருகிற நண்டு என்றான் ஒருவன். இரண்டு பங்காளிகள் ஒன்றாக வந்தார்கள். ஒருவன் நண்டுக்குக் கொடுக்கைக் கொஞ்சம் பெரிதாக்கினேன், அவர்களுக்காவது வித்தியாசம் தெரியட்டும் என்று. இளையவன் இரண்டு வில்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அப்புறம் என் சட்டையைப் பிடிக்க வந்தான்: "அவனுக்கு மட்டும் கொடுக்கு பெருசா? ஊருல பாகம் பிரிச்சப்பவும் இப்படித்தான்யா பண்ணாங்க!"

எல்லையில் ஒரு குவியல்

நான் பயந்தது நடந்தது. உறுவையாற்று இளவட்டங்கள் ஒரு கூட்டமாகச் சைகோனுக்குக் கிளம்பினார்கள். எல்லார் கையிலும் தணிகாசலத்தின் பச்சைப் பெட்டி. எல்லாப் பெட்டியிலும் என் சிவப்பு நண்டு. அதே ரயிலில் பிரசவம் பார்க்கிற ஒரு மருத்துவச்சியும், மருமகனுக்குச் சீர் கொண்டு போகிற ஒரு குடும்பமும் ஏறியிருந்தார்கள். அவர்களும் நண்டுதான்.

சுங்கத்தில் பெட்டிகளைக் குவித்தபோது ஆளுக்கு ஒன்றாகப் பாய்ந்து எடுத்திருக்கிறார்கள். கொழும்புக் கப்பலடியில் ஒரு பையன் பெட்டியைத் திறந்தால் மருத்துவச்சியின் கஷாயச் சீசாவும் கத்தரிக்கோலும் இருந்திருக்கின்றன. மருத்துவச்சியோ பிரசவ வீட்டில் பெட்டியைத் திறந்து, இரண்டு கால்சட்டையையும் ஒரு மவுத் ஆர்கனையும் எடுத்து வெளியே வைத்திருக்கிறாள். சீர்ப் பெட்டியில் மாப்பிள்ளைக்குக் கிடைத்தது கருவாடு. சம்பந்தி வீட்டில் பேச்சு வார்த்தையே நின்றுவிட்டது. மருத்துவச்சியும் சீர்க்காரரும் அந்தப் பையனின் அப்பாவும் தனித்தனியாக ரயிலடிக்கு வந்து கத்தினார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் கத்தவில்லை. மரத்தடிக்கு அவரே நடந்து வந்தார். என் கால்மாட்டில் காய வைத்திருந்த வில்லைகளைப் பார்த்தார். வரிசையாக நண்டு. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்: "இனிமே ஒரே படத்தை ரெண்டு பெட்டியில பார்த்தேன்னா, அன்னிக்கே நீ உன் தகரத்தைச் சுருட்டிண்டு கெளம்பணும். நான் ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்."

நண்டு இல்லை

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய? நண்டு போட்டால் மாஸ்டர் துரத்துவார். போடாவிட்டால் ஒருவனும் வாங்க மாட்டான். ஒருவனும் வாங்காத இடத்தில் உட்கார்ந்தால் என்ன, துரத்தப்பட்டால் என்ன? நண்டு கிடையாது என்று எல்லாரிடமும் சொன்னேன். மயில் போட்டுக் காட்டினேன், பனைமரம் போட்டுக் காட்டினேன், கப்பல் ஏறுகிறவர்களுக்காக நங்கூரம் கூடப் போட்டு வைத்தேன். வந்தவர்கள் புரட்டிப் பார்த்து, கீழே வைத்துவிட்டு, வில்லை இல்லாமலே ரயில் ஏறினார்கள். அரிசி வாங்க என் மனைவி தவலையை அடகு வைக்க எடுத்துப் போனதை நான் பார்க்காதது போல் இருந்தேன்.

பெருமாளும் தன் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து என் எதிரே குந்தினார். மூன்றாவது பையனை அனுப்பப் போகிறாராம். நிலைமையை எடுத்துச் சொன்னேன். மாஸ்டர் சொன்னதைச் சொன்னேன். என் முட்டியைக் கூடக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "பேச்ச வுடுய்யா. எங்க ஊரு புள்ளைங்க நல்லா இருந்தா உனுக்கு வயிறு எரியுது, அதான விஷயம்?"

தணிகாசலத்தின் உபகாரம்

அப்போதுதான் தணிகாசலம் தன் புத்தியைக் காட்டினான். ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், அவன் கடை வாசலில் அடுக்கியிருந்த பச்சைப் பெட்டி ஒவ்வொன்றின் மூடியிலும் சிவப்பாக ஒரு நண்டு. என் நண்டு. கொடுக்கு வளைகிற இடத்தில் நான் போடுகிற அதே சுழி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உறுவையாற்றுச் சனம் அவன் கடையில் மொய்த்தது. பழைய பெட்டிக்காரர்களும் கொண்டு வந்து மூடியில் நண்டு போட்டுக்கொண்டு போனார்கள். அந்த வாரமே இடத்தைக் காலி செய்துவிடலாம் என்று சாமான்களைக் கூடையில் போட ஆரம்பித்தேன்.

எல்லையில் முன்னைவிட மோசமாகப் பெட்டி மாறியது. இந்தத் தடவை மாஸ்டர் தணிகாசலத்தைக் கூப்பிட்டு விட்டார். என் கடை ரோட்டில் இருக்கிறது, ரயிலுக்கு நான் பதில் சொல்ல முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டான். மாஸ்டர் நேரே என்னிடம் வந்தார். கூடையைப் பார்த்தார். "எங்கய்யா கெளம்பறே? உட்காரு. இந்த நண்டுப் பெட்டிக்கெல்லாம் ஆளுக்கொரு அடையாளம் போடு" என்றார். அந்தோணியைக் கூப்பிட்டு, வில்லை இல்லாத பச்சைப் பெட்டியை உள்ளே விடாதே என்றும் சொன்னார். முதல் ஆளாக வந்து நின்றவர் பெருமாள். மயிலா பனைமரமா என்று பயந்துகொண்டே கேட்டேன். "எதுனா போடுபா. அதான் ராசிக்கு மூடியில நண்டு இருக்குதே" என்றார். அன்று நான் பதினெட்டு விதமாக எழுதினேன். தேள், முறம், சக்கரம், பூட்டு. ஒருவரும் மறுக்கவில்லை. ஒரு பெட்டியும் மாறவில்லை. அடகு வைத்த தவலை வீட்டுக்கு வந்தது.

சாயங்காலம் தணிகாசலம் ரோட்டைக் கடந்து வந்து, என் பூவரச மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, நான் வேலை செய்வதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, சுற்றி நின்ற வாடிக்கைக்காரர்கள் காதில் எல்லாம் விழும்படி சொன்னான்: "நல்ல காலம், நான் நண்டு போட்டேன். இல்லாங்காட்டி இன்னேரம் நீ எந்த ஊருல உக்காந்து தகரம் வெட்டிக்கினு இருப்பியோ?"

என் நண்டைத் திருடினான் என்பதைக் கூட நான் ஒரு நாள் மன்னித்துவிடுவேன், அவன் சொன்னது உண்மை என்பதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியாது.